பிள்ளைகளை மதித்த பள்ளிக்கூடம்

 

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரிச்சிடுங்க ஹஜ்ரத்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த வாப்பாமார்களை நம்மில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்திருப்போம். உஸ்தாத் அடித்த இடத்தை நரக நெருப்பு தீண்டாது என்றுகூடச் சொல்லி வைத்தார்கள். இதற்குக் குர்ஆனிலும் ஆதாரமில்லை, ஹதீஸிலும் ஆதாரமில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு பல காலம் ஓடியது. பிரம்புக்குப் பயந்து ஓதலை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்று பிரம்பு குறைந்துவிட்டது. ஆனால் அதன் இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்ததா என்றால், பல பள்ளிகளில் இல்லை. மதிப்பெண் பட்டியல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைமையாசிரியருக்குப் பிள்ளையின் மார்க் தெரிகிறது, பெயர் தெரிவதில்லை. ஆசிரியர் பிள்ளையோடு எப்படி உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. நம் நாட்டிலேயே, கையில் காசில்லாத காலத்தில், ஒரு கல்விக்கூடம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. டெல்லியிலுள்ள ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத்தான் சொல்கிறேன்.

ஜாமியா 1920 அக்டோபரில் அலிகரில் தொடங்கப்பட்டது. ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் சூடாக இருந்த நேரம் அது. 1925-ல் டெல்லி கரோல்பாக்கிற்கு இடம் மாறியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் படிப்பை முடித்துத் திரும்பிய ஜாகிர் ஹுசைன் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 29. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அதே ஜாகிர் ஹுசைன்தான். ஜாமியாவைத் தாங்கி நின்ற ஹகீம் அஜ்மல்கான் 1927 டிசம்பரில் காலமானதும் நிதி வற்றிப்போனது. மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. ஜாகிர் ஹுசைனும் அவருடன் இருந்த ஆசிரியர்களும் ஒரு உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்: இருபது ஆண்டு இங்கேயே பணி செய்வோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டோம். பல மாதங்களில் அதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

பிள்ளைகள் மேல் இவருக்கு இருந்த பரிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அவருடைய சிறுவயதுக்குத்தான் போக வேண்டும். பத்து வயதில் தந்தையை இழந்தவர். 1911-ல் பிளேக் நோய் தாயையும் கொண்டுபோனது. எட்டாவா என்ற ஊரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி விடுதியில் வளர்ந்த யத்தீம் பிள்ளை அவர். அங்கே தலைமையாசிரியராக இருந்த சையத் அல்தாஃப் ஹுசைனைக் கடைசிவரை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தார். விடுதிப் பிள்ளைக்கு ஒரு தலைமையாசிரியர் எவ்வளவு தேவை என்பது புத்தகம் படித்து அவருக்குத் தெரிந்ததல்ல.

ஜாமியாவில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மாணவர்கள் அழுக்குக் காலணியோடு வருவதைப் பலமுறை சொல்லியும் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் காலை ஜாகிர் சாஹிபே பாலிஷும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வருகிற பிள்ளைகளின் காலணியைத் துடைத்துவிடத் தொடங்கினார். வெட்கிப்போன மாணவர்கள் மறுநாள் முதல் திருந்தி வந்தார்கள். இதைக் கேட்பவர்கள் அவருடைய பணிவை மட்டும் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அவர் ஒழுங்கைக் கைவிடவில்லை. காலணி சுத்தமாக இருந்தே தீர வேண்டும் என்பதில் கடைசிவரை நின்றார். ஆனால் அந்த ஒழுங்குக்காகப் பிள்ளையின் மானத்தில் கை வைக்கவில்லை. அன்பு காட்டினால் கட்டுப்பாடு போய்விடும் என்று பயப்படுகிற ஆசிரியர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு நிகழ்ச்சி மனதைக் கனக்க வைப்பது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சின்ன மகள் ரெஹானா மவுத்தாகிவிட்ட செய்தியை ஒருவர் வந்து காதில் சொன்னார். அவர் முகம் வெளுத்தது. ஆனால் இனிப்பு கொடுப்பதை நிறுத்தவில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னாராம். ஆசிரியர் எல்லோரும் இப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் அந்த நேரம் தனியாக இருந்த தாயின் நிலையையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் குழந்தைகளுக்காக அவர் உருதுவில் எழுதிய கதைகளைத் தன் பெயரில் வெளியிடவில்லை. ருகையா ரெஹானா என்று அந்த மகளின் பெயரையே போட்டார். அபூகான் வளர்த்த ஆட்டின் கதை அப்படி வந்ததுதான்.

தலைவர் ஒருவர் நல்லவராக இருந்தால் மட்டும் பள்ளிக்கூடம் நடந்துவிடாது. வகுப்பில் நிற்பவர் வேறு ஆள். ஜாமியாவின் தொடக்கப் பள்ளியில் அப்துல் கஃப்பார் முத்ஹோலி என்ற ஆசிரியர் இருந்தார். பிள்ளைகளே நடத்தும் கடை, பிள்ளைகளே கணக்கு எழுதும் வங்கி என்று பாடத்தைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்த பள்ளி அது. கணக்குப் பாடம் கரும்பலகையில் மட்டும் இல்லை, கல்லாப்பெட்டியிலும் இருந்தது. இதை வெறும் கற்பித்தல் முறை என்று பார்த்தால் பாதிதான் புரியும். பத்து வயதுப் பிள்ளையிடம் காசையும் கணக்கையும் ஒப்படைப்பது, 'உன்னை நம்புகிறேன்' என்று வாயால் சொல்வதைவிடப் பெரியது. கணக்கு தவறினால் அடி விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் இதைச் செய்ய முடியாது. பிள்ளை பொய்க் கணக்குத்தான் எழுதும்.

இதை 600 ஆண்டுக்கு முன்பே இப்னு கல்தூன் (ரஹ்) தம் முகத்திமாவில் எச்சரித்துவிட்டார். கடுமையான தண்டனையில் வளரும் மாணவன் சுறுசுறுப்பை இழக்கிறான், அடிக்குப் பயந்து பொய்யும் சூதும் பழகுகிறான், பின்னர் அதுவே அவன் குணமாகிவிடுகிறது என்ற கருத்தை அதில் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த நூலின் பெயர் தெரியும். அந்த அத்தியாயத்தை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

1933-ல் ஜெர்மனியிலிருந்து கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்ற யூதப் பெண்மணி ஜாமியாவில் வந்து சேர்ந்தார். ஜாகிர் ஹுசைனை அவர் பெர்லினிலேயே அறிந்தவர். சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான், அதாவது அன்பு அக்கா என்று கூப்பிட்டார்கள். உலகப்போர் வந்ததும் ஜெர்மன் நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைச் சிலகாலம் காவலில் வைத்தது. வெளியே வந்ததும் மறுபடி ஜாமியாவுக்கே வந்தார். 1943-ல் நோயில் இறந்தபோது ஜாமியாவின் கபர்ஸ்தானிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மொழியும் மார்க்கமும் வேறாக இருந்த ஒருவர் தாயில்லாத விடுதிப் பிள்ளைகளுக்கு அக்காவாக முடிந்ததென்றால், நம் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியருக்கு ஏன் முடியாது?

1935 மார்ச் 1 அன்று ஓக்லாவில் பள்ளிக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். அமைச்சரையோ செல்வந்தரையோ கூப்பிடவில்லை. பள்ளியிலேயே மிகச் சிறியவனான அப்துல் அஜீஸ் என்ற மாணவனின் கையால் கல்லை வைத்தார்கள். நம் ஊர் விழாக்களில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று விருந்தினருக்குக் கை தட்டுவதை நினைத்துக்கொள்கிறேன்.

சிறியவர்களைப் பெரியவர்களாக மதிக்கும் இந்தப் பழக்கம் ஜாமியா கண்டுபிடித்ததல்ல. அனஸ் (ரலி) அவர்களின் குட்டித் தம்பி வளர்த்த பறவை செத்துப்போனபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையை அபூ உமைர் என்று பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுப் பறவையைப் பற்றி விசாரித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் பார்க்கலாம்.

சட்டமும் இருக்கிறது. 2009-ன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012-ல் வந்த திருத்தம் மதரஸாக்களை அந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அதை அடிப்பதற்குக் கிடைத்த அனுமதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால், "எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க்" என்பதோடு எழுந்து வந்துவிடுகிறோம். அடுத்த முறை இதையும் கேட்டுப் பாருங்கள்: என் பிள்ளை வகுப்பில் யாரோடு உட்கார்கிறான்? கடைசியாக எப்போது சிரித்தான்? மூன்று நாள் வராவிட்டால் உங்களில் யார் விசாரிப்பீர்கள்? பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியருக்கு அங்கேயே, பிள்ளையின் முன்னாலேயே, நன்றி சொல்லுங்கள். தெரியாதவரிடம் கோபப்பட வேண்டாம். அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு அவரும் திண்டாடுகிறார். ஒரு மாதம் கழித்துப் போய் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.