பிரேக்கின் ஓசையும் அதன் காரணமும்

மோட்டார் வண்டியை ஓட்டக் கற்பவர் பலர்; அதனை நிறுத்தும் கருவியைப்பற்றி அறிந்தவர் சிலரே. ஓடாத வண்டியால் நேருவது காலதாமதம். நில்லாத வண்டியால் நேருவதோ உயிர்ச்சேதம். ஆதலின், பிரேக்கை மிதிக்குந்தோறும் சக்கரத்தினிடத்து நறநறவென்று அரைக்கும் ஒலி எழுமாயின், அதன் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் வகை யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண் பிரேக்கின் தொழிலை நோக்குவோம். ஓடும் வண்டியின் இயக்க சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே அதன் தொழில். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுங்கால், அதனிடத்துள்ள சக்தி ஏறக்குறைய 1,39,000 ஜூல் ஆகும். 30 பாகைச் சூட்டிலுள்ள அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்கு அண்மையிற் கொணர அது போதும். வேகம் இருமடங்காயின் சக்தி நான்கு மடங்காம். இவ்வெப்பத்தின் பெரும்பகுதியைச் சில வினாடிகளில் ஏற்பவை, சக்கரங்களோடு சுழலும் டிஸ்க் என்னும் இரும்புத் தட்டுக்களும், அவற்றை இருபுறமும் பற்றும் பிரேக் பேட்டுகளுமே. நாம் மிதியை அழுத்தும்போது, குழாய்களிலுள்ள பிரேக் ஆயில், பாஸ்கல் விதிப்படி, அவ்வழுத்தத்தைக் காலிப்பரினுள் இருக்கும் பிஸ்டனுக்குக் கொண்டு சேர்க்கின்றது. பிஸ்டன் பேட்டுகளைத் தட்டின்மேல் நெருக்குகின்றது.

பேட் என்பது எஃகுத் தகட்டின்மேல் பதிக்கப்பெற்ற உராய்வுப் பொருள். தட்டைக் காத்துத் தான் தேய்வதே அதன் இயல்பு. 1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்பார் தட்டுப் பிரேக்குக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் அமைத்த பிரேக்கில் செம்பு தட்டோடு உராய்ந்தமையின், காதைத் துளைக்கும் இரைச்சல் எழுந்தது. உலோகம் உலோகத்தோடு உராய்ந்ததன் விளைவு அது. இன்று முற்றும் தேய்ந்த பேட்டினின்று எழும் அரைப்பொலியும் அவ்வினத்ததே. உராய்வுப் பொருள் ஒழிந்து, எஃகுத் தகடே தட்டை அறுக்கின்றது என்பது அதன் பொருள்.

அதற்கு முன்னரே வண்டி நமக்கு ஓர் எச்சரிக்கை விடுப்பதுண்டு. பல வண்டிகளில் பேட்டின் ஓரத்தே எஃகாலாகிய சிறு நாக்கொன்று வைக்கப்பட்டிருக்கும். உராய்வுப் பொருள் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தவுடன், அந்நாக்குத் தட்டைத் தொட்டுக் கீச்சென்று ஒலிக்கும். கீச்சொலி முன்னறிவிப்பு, அரைப்பொலியோ கேடு தொடங்கிவிட்டது என்னும் செய்தி.

எனினும், அரைக்கும் ஒலியெல்லாம் தேய்வின் ஒலி ஆகா. மழைக்குப்பின் முதன்முறை ஓட்டுங்கால் எழுந்து, சிலமுறை மிதித்ததும் மறையும் ஒலி, தட்டின்மேற் படிந்த துருவினால் ஆயது. மிதியாதபோதும் இடைவிடாது கேட்பதாயின், தட்டுக்கும் அதன் பின்னுள்ள காப்புத் தகட்டுக்கும் இடையே சிறு கல் அகப்பட்டிருக்கலாம். அன்றிப் பேட் தட்டைவிட்டு விலகாதிருக்கலாம். வண்டி திரும்பும்போது மாறுபடும் உறுமல், சக்கரத்தின் பேரிங்கைச் சார்ந்தது. வழுக்கும் சாலையில் கடுக மிதித்தபோது மிதி அதிர்ந்து ஒலி எழுமாயின், அஃது ஏ.பி.எஸ். என்னும் அமைப்பின் தொழிலேயன்றிப் பழுதன்று. எனவே, ஒலி எப்பொழுது எழுகின்றது என்று வினவுதலே ஆராய்ச்சியின் முதற்படி.

அடுத்தது கண்ணாற் காண்டல். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஏனைய சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புதல் ஆகாது. சக்கரத்தைக் கழற்றியபின் வெளிப்பேட்டோடு உட்பேட்டையும் தவறாது காண்க. புதிய பேட்டின் உராய்வுப் பொருள் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனமுடையது. 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுதலே தக்கது. தட்டின் மிகக் குறைந்த கனம் இவ்வளவென்று பெரும்பாலும் அத்தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பௌதிக சாலையில் மாணவர் கையாளும் திருகு மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அதனிற் குறைந்தாலும், ஆழமான பள்ளங்கள் இருந்தாலும், தட்டையும் மாற்றுக. பழைய பேட்டுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஆதலின் தூசியை ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

பேட்டுகளை மாற்றுங்கால் ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுக. காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டி வைக்கவேண்டும். பிஸ்டனைப் பின்தள்ளும்போது பிரேக் ஆயில் கிண்ணத்தில் மேலேறி வழியாவண்ணம் காத்தல் வேண்டும். பேட்டின் முகத்தில் கிரீசு படலாகாது. வேலை முடிந்தபின், சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, மிதி உறுதிப்படும்வரை பலமுறை அழுத்திய பின்னரே வண்டியை நகர்த்துக. இஃது அறியாதார் தேர்ந்த மெக்கானிக்கின் அருகிருந்து கற்றல் நன்று.

இத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. கழற்றிய பழைய பேட்டுகளை எறியாது, அருகருகே வைத்து ஒப்பிடுக. இரண்டும் ஒத்துத் தேய்ந்திருப்பின், அஃது இயற்கையான தேய்வு. உட்பேட் முற்றும் தேய, வெளிப்பேட் தடித்தே இருக்குமாயின், காலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்கள் துருவேறி இறுகியிருத்தல் கூடும். அவற்றைத் துலக்கிப் பிரேக்குக்குரிய கிரீசு இடுதல் வேண்டும். ஒரு சக்கரத்தின் பேட்டுகள் மட்டும் விரைந்து தேய்ந்திருப்பின், பிஸ்டனின் இறுக்கத்தையோ, உட்புறம் அடைபட்ட ரப்பர்க் குழாயையோ ஐயுறுக. இவற்றை நோக்காது பேட்டை மட்டும் மாற்றினால், ஒலி இன்று அடங்கும். சின்னாளில் மீண்டும் எழும்.

ஓசையை அடக்குதல் வேறு. காரணத்தை நீக்குதல் வேறு. காய்ச்சலைத் தணித்ததோடு நல்ல மருத்துவன் அமைவதில்லை. சாலையைக் கடக்கும் சிறுவன் நம் பிரேக்கைச் சோதித்துப் பார்த்துக் கடப்பதில்லை. நாம் சோதித்திருப்போம் என்று நம்பியே கடக்கின்றான். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையோராதல் வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.