வியர்வை சிந்தினால் உப்பு ஒன்றும் செய்யாதா?

வேம்பநாட்டுக் காயலைத் தோண்டி அள்ளிய மண்ணைக் கொட்டி எழுப்பியது வில்லிங்டன் தீவு. கொச்சித் துறைமுகத்துக்காக ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் செய்த வேலை அது. துறைமுகம் இருந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் தட்டில் உப்பும் தூக்கலாக இருக்கும். 'வேர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு உப்பு ஒன்றும் செய்யாது' என்பது பழைய நம்பிக்கை.

இதில் பாதி உண்மை. ஒரு லிட்டர் வியர்வையோடு சுமார் 2 கிராம் உப்பு போகலாம். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வெயிலில் ஓரிரு வாரம் வேலை செய்து பழகியதும் உடல் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் வருவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதைவிட முக்கியமானது ஒன்று: இன்று சுமை தூக்குவது யார்? தீவில் இருந்த கன்டெய்னர் முனையமே 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்துக்குப் போய்விட்டது. கப்பல் ஏஜென்சியிலும் சுங்க கிளியரிங் அலுவலகத்திலும் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வை ஏது? சுமையைக் கிரேனிடம் கொடுத்துவிட்டோம், சாப்பாட்டை மட்டும் பழைய கணக்கிலேயே சாப்பிடுகிறோம்.

'இருபது வயதிலும் இதைத்தானே தின்றேன்' என்பார்கள். நாற்பதைத் தாண்டும்போது ரத்தக்குழாய்ச் சுவர்கள் விறைக்கத் தொடங்குகின்றன. கூடுதல் உப்பை வெளியேற்றும் திறனும் சிறுநீரகத்துக்குக் குறைகிறது. தங்கும் உப்பு தண்ணீரையும் பிடித்து வைக்க, ரத்த அழுத்தம் ஏறுகிறது. தொப்பையும் குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கமும் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

'நான் சோற்றில் உப்பே போட்டுக்கொள்வதில்லை.' சரி, ஊறுகாய்? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு எல்லா உப்பையும் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பப்படத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதிலும் சோடியம்தான். கருவாடு கெடாமல் இருப்பதே உப்பு அதன் ஈரத்தை இழுத்துவிடுவதால். நன்றாக உப்பிட்ட கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டி உப்பு இருப்பது சாதாரணம். மீன் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சைக் கருவாட்டுக்கு நீட்டாதீர்கள். ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கொஞ்சம் குறையும். உப்புப் போட்ட நாரங்கா (எலுமிச்சை) சோடாவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தேயிலை ஏலம் நடக்கும் தீவு என்பதால் தேநீருக்காகவும் ஒரு வார்த்தை. அது அழுத்தத்தைச் சற்று நேரம் ஏற்றி, பிறகு விட்டுவிடும். குற்றவாளி பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் மிக்சர்.

இந்துப்பு? அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். விலைதான் வேறு.

'தலை சுற்றவில்லை, வலிக்கவில்லை, பிரஷர் இருக்காது.' பெரும்பாலானோருக்கு அறிகுறியே வராது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அளந்தால்தான் தெரியும். அரை மணி நேரம் முன்னதாகத் தேநீரையும் சிகரெட்டையும் நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போங்கள்.

'மாத்திரை தொடங்கினால் விட முடியாது' என்று ஒத்திப்போடுவதுதான் ஆபத்து. எடையும் உப்பும் மதுவும் குறைந்தபின், மருத்துவரே மாத்திரையின் அளவைக் குறைப்பதுண்டு. நாமாக நிறுத்தக் கூடாது.

உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த மாற்று உப்பு நல்ல வழி. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.