டிப்ளமோ நர்ஸ் பட்டதாரி ஆக...

ஜி.என்.எம். முடித்து திருவண்ணாமலை மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பெண்கள் அடிக்கடி கேட்பது, “மறுபடி நாலு வருஷம் படிக்கணுமா?” என்பதுதான். வேண்டாம். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இரண்டே ஆண்டு. பிளஸ் 2 தேர்ச்சியும், மாநில நர்சிங் கவுன்சில் பதிவும் கட்டாயம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதல் வேலையாக அதை முடியுங்கள்.

வேறு டிகிரி முடித்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் ஒன்றரை ஆண்டுக்குள் முடிகிற இரண்டாம் பட்டம் உண்டு, இங்கே பி.எஸ்சி. விலங்கியல் படித்தவரும் முழு நான்கு ஆண்டு படித்தாக வேண்டும். பார்ப்பது பிளஸ் 2 மதிப்பெண்ணைத்தான்: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம், ஆங்கிலத்தில் தேர்ச்சி. கடைசியாகப் படித்த கல்லூரியின் டி.சி. கேட்பார்கள். அதைத் தொலைத்தவர்கள் இப்போதே நகலுக்கு எழுதிக் கொடுங்கள். சேர்க்கை நேரத்தில் அலைந்தால் சீட்டே கைநழுவும்.

சான்றிதழ் வேலையாக வெளியூர் போவதென்றால் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏறுவதே பெரும்பாடு.

முக்கியமான ஒன்று. ‘ஒரே வருடத்தில் நர்ஸ்’ என்ற நோட்டீஸை நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டும் முன், கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.