கதைப்பது தெளிவாகக் கேட்க: திருகோணமலையில் எந்த இணைப்பு எடுப்பது?

குளிர்காலத்தில் லண்டன் அலுவலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்போது திருகோணமலையில் பிற்பகல் 2.30. அது மூடும்போது இங்கே இரவு 10.30. உவர்மலையிலோ உப்புவெளியிலோ வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருடன் கதைக்கும் வேலைக்குச் சேர்கிறவர் முதலில் இந்த நேரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் யூடியூப் பார்க்க, ஊரே வட்ஸ்அப்பில் கதைக்க, இணையம் நெரிகிற மாலைப்பொழுது முழுவதும் உங்கள் வேலை நேரத்துக்குள் வந்துவிடுகிறது. காலை 10 மணிக்குச் சோதித்துவிட்டு "நல்ல ஸ்பீட்" என்று பெக்கேஜ் வாங்கியவர் இரவு 8 மணிக்குத் திண்டாடுவது இதனால்தான்.

விளம்பரப் பலகையில் பெரிதாகப் போடுகிற எம்பிபிஎஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜி.711 என்னும் குரல் குறியீட்டு முறையில் போகும் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 90 கிலோபிட்டே தாராளம். இரு திசையையும் கூட்டினாலும் மணிக்கு ஏறக்குறைய 80 எம்பிதான். நாளுக்கு 8 மணி வீதம் மாதம் 25 நாள் ஓயாமல் கதைத்தாலும் 16 ஜிபியில் முடிந்துவிடும்.

குரலைக் கெடுப்பவை வேறு. குரல் சிறு சிறு துண்டுகளாகத்தான் பயணம் செய்கிறது. அவை பிந்தி வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். முன்பின்னாக வந்தால் குரல் கரகரக்கும். வழியில் தொலைந்தால் சொல்லே விழுங்கப்படும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. துண்டுகள் முன்பின்னாக வரும் ஜிட்டர் 30 மில்லிசெக்கனுக்குள்ளும், தொலையும் துண்டுகள் ஒரு சதவீதத்துக்குள்ளும் இருப்பது நல்லது. ஸ்பீட் டெஸ்ட் செயலி பெரும்பாலும் அருகிலுள்ள சேர்வரைத்தான் தானாகத் தேர்ந்தெடுக்கும். அதை லண்டனுக்கு மாற்றிப் பாருங்கள். அதில் காட்டும் பிங் போய்வரும் நேரம். ஒரு வழித் தாமதத்துக்கு அதைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள்.

உங்கள் ஒழுங்கையில் பைபர் வந்திருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொம் கிளைக்குப் போய், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் இணைப்புக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள்.

பைபர் இல்லாத இடத்தில் அடுத்த வழி 4ஜி ரவுட்டர். டயலொக்கோ மொபிடெல்லோ ஹட்ச்சோ, எதுவானாலும் கோபுரத்தின் கொள்ளளவைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பங்குபோடுகிறது. நம்முடைய துறைமுகமோ குன்றுகளும் குடாக்களும் சூழ்ந்தது. மேட்டு வீட்டில் நன்றாக எடுக்கும் சிம் சரிவில் உள்ள வீட்டில் எடுக்காமல் போகலாம். ஆகவே கிண்ணியாவிலுள்ள மச்சான் சொன்னார் என்று சீனக்குடாவில் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டாரின் சிம்மைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் இரவு 8.30க்குச் சோதியுங்கள். அந்தப் பெறுபேறுகளைப் படமெடுத்து வைத்தால் நேர்முகத்தேர்விலும் காட்டலாம். இணைப்பு எப்படி என்று கேட்கும் முகாமையாளருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

இன்னொரு வழி செய்மதி இணையம். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. 36,000 கிலோமீற்றர் உயரத்துப் பழைய செய்மதி இணையத்தின் நீண்ட தாமதம் இதில் இல்லை. கடும் மழையில் சிக்னல் தளரக்கூடும் என்பதை மட்டும் வடகீழ்ப் பருவமழை பெய்யும் இந்தக் கரையில் மறக்கக் கூடாது.

பெக்கேஜில் இரவு டேட்டா தனியாகப் பிரித்திருந்தால் அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பாருங்கள். நள்ளிரவில் தொடங்குவது லண்டன் வேலைக்கு உதவாது. சிட்னி வேலைக்கு உதவும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே விடிய 3.30 அல்லது 4.30.

இணைப்பு வந்ததும் கணினியை வைஃபையில் விடாமல் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். மின்வெட்டுக்கு ஒரு மினி யூபிஎஸ் வேண்டும். பைபர் பெட்டியும் கரண்ட் இல்லாமல் இயங்காது, அதோடு வரும் தொலைபேசியும் ஓய்ந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்த நாடு இது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையைக் கடந்ததும் நம்முடைய மாவட்டத்தின் குச்சவெளி, திரியாய்ப் பக்கத்தில்தான். ஆகவே வேறொரு நிறுவனத்தின் சிம் ஒன்றை டேட்டாவோடு கைத்தொலைபேசியில் எப்போதும் வைத்திருங்கள். முதல் வேலைநாளுக்கு முந்திய இரவே அதிலிருந்து ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.