சல்லடைக் கண்கள்

நுழையும்முன்

மாவைச் சலிக்கவும் தேநீரை வடிகட்டவும் அறிந்த மனிதர், நீரில் கரைந்த உப்பையும் சலித்தெடுக்கக் கற்றது அண்மைக் காலத்தில்தான். கண்ணுக்குப் புலப்படாத துளைகளைக் கொண்ட சவ்வுகளே அதற்கு வழிவகுத்தன.

பாலாற்றின் துயர்

ஏலகிரியும் சவ்வாது மலையும் அழகு சேர்க்கும் திருப்பத்தூர் மாவட்டத்தில், பாலாற்றங்கரையில் அமைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலால் பெயர்பெற்றவை. தோல் கெடாதிருக்க உப்பும், பதப்படக் குரோமியச் சேர்மங்களும் பயன்படுகின்றன. இவை கலந்த கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் பாழாக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு நிலைநாட்டியது.

குரோமியத்தின் பெரும்பகுதியைக் காரப்பொருள் சேர்த்துப் படியச் செய்து நீக்கலாம். கரைந்த உப்போ அவ்வாறு படியாது. துணியிலும் மணலிலும் சிக்காது. அதற்குச் சவ்வே துணை.

துளையும் தடிமனும்

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். பாக்டீரியாவைத் தடுக்கச் சில நூறு நானோமீட்டர் துளை போதும். உப்பைத் தடுக்க ஒரு நானோமீட்டரினும் குறுகிய இடைவெளி வேண்டும். உயர் அழுத்தத்தில் உவர்நீரைச் செலுத்தினால் நீர் கடந்துசெல்ல, உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல்.

ஆனால், அடர்ந்த சவ்வு தடித்திருந்தால் நீர் எளிதில் கடவாது. மெலிந்திருந்தால் அழுத்தத்தைத் தாங்காது. இச்சிக்கலுக்கு இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அமெரிக்கரான சிட்னி லோபும் 1960ஆம் ஆண்டையொட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தீர்வு கண்டனர். செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வின் மேற்புறத்தில் மிக மெல்லிய அடர்படலமும், அதன்கீழ்க் கடற்பஞ்சு போன்ற தடித்த அடுக்கும் அமைந்தன. மேற்படலம் உப்பைப் பிரித்தது. கீழடுக்கு அழுத்தத்தைத் தாங்கியது. இன்றைய சவ்வுகளும் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

எஞ்சும் பொறுப்பு

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இத்தகைய சவ்வுகள் பயன்படுகின்றன. சேறும் கொழுப்பும் துளைகளை அடைத்துவிடுமாதலால் அவற்றை முன்னரே நீக்குதல் இன்றியமையாதது. சவ்வைக் கடந்த நீர் மீண்டும் தொழிலுக்குப் பயன்படுகிறது. தடுக்கப்பட்ட உப்போ அழிவதில்லை. செறிந்த உவர்நீராகவும், அதை ஆவியாக்கியபின் உப்புக் குவியலாகவும் எஞ்சுகிறது. பாலாற்றின் மாசு குறித்து 2025ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. உப்பைப் பிரித்துத் தருவது சவ்வின் பணி. அது ஆற்றுக்குத் திரும்பாமல் காப்பது மனிதரின் கடமை.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலை ஒன்றில் கலக்கும் கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் வடிகட்டி நீக்கத்தக்கவை எவை, தோன்றும் இடத்திலேயே தடுக்கத்தக்கவை எவை எனக் கலந்துரையாடுக.