வேரில் ஓர் உரச்சாலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிச் சம்பா நெல் பயிரிடுவோர், கோடைமழை ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதுண்டு. அந்த வயல்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். "அந்தப் பயிருக்கு யூரியா போட வேண்டுமா?" என்று அவர்களிடம் கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.

செயல்பாடு

பயறு விளைந்த நிலத்து மண்ணை இரண்டு தொட்டிகளில் நிரப்பி, தக்கைப்பூண்டு அல்லது தட்டைப்பயறு விதைக்கவும். ஒன்றுக்கு வெறும் நீர். மற்றதற்கு வாரம் ஒருமுறை, ஒரு லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி யூரியா கரைத்து அரை டம்ளர் ஊற்றவும்; மற்ற நாள்களில் வெறும் நீர். 35 நாள்களுக்குப் பின் செடிகளை மண்ணோடு எடுத்து, வாளி நீரில் அலசவும். பிடுங்கினால் வேர்முடிச்சுகள் அறுந்துவிடும்; வேரில் ஒன்றுமில்லை என மாணவர் எண்ணிவிடுவர்.

முடிச்சுகளை எண்ணி, சிலவற்றை நகத்தால் கீறச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் அது உழைக்கும் முடிச்சு. நிறம் தருவது லெக்ஹீமோகுளோபின். பொதுவாக, யூரியா இட்ட செடியில் முடிச்சுகள் குறைவாக இருக்கும். மண்ணிலேயே தழைச்சத்து கிடைக்கும்போது, செடி தன் மாவுச்சத்தைச் செலவிட்டு ரைசோபியத்தை வளர்ப்பதில்லை. 1888இல் பெயரிங்க் பிரித்தெடுத்த இப்பாக்டீரியாவே காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது.

கணக்கு

45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒன்றரை கிலோ பசுந்தழை எனில், ஏக்கருக்கு (ஏறத்தாழ 4,000 ச.மீ.) 6,000 கிலோ. பச்சை எடையில் 0.4 விழுக்காடு நைட்ரஜன் எனக் கொண்டால் 24 கிலோ. ஒரு மூட்டைக்கும் மேல்! இதில் ஒரு பகுதி மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கலந்துரையாடல்

முற்றிய தண்டை உழுதால் என்னவாகும்? நார் மிகுந்த தண்டைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள், மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், இளநெல் வெளிறும். பூக்கும் பருவத்தில் உழுவதன் காரணம் இதுவே.

வாய்ப்புள்ள பள்ளிகள் வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்துக்குக் களப்பயணம் செல்லலாம். இயலாதவர்களுக்குப் பள்ளிக்கு அருகிலுள்ள வயலே போதும். முடிச்சைக் கீறிப் பார்த்த பிள்ளை, அன்று மாலை வீட்டில் அதைச் சொல்லும். உரச்செலவு பற்றிய பேச்சில் அதன் சொல்லும் சேரும்.