கிரீம் கடைசியில்தான்

வாத்து நெஞ்சுக்கறியோடு காளான் கிரீம் சாஸ் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சாஸைப் பற்றித்தான். எவ்வளவு கிரீம், எந்த ஒயின், எந்தக் காளான்? என் அனுபவத்தில், இந்தச் சமையலில் முக்கால்வாசி நேரம் எதையாவது வெளியேற்றுவதிலேயே போகிறது. வாத்திலிருந்து கொழுப்பு, காளானிலிருந்து தண்ணீர், ஒயினிலிருந்து சாராயக் காரம். இந்த மூன்றும் போகாமல் கிரீம் ஊற்றினால், எவ்வளவு உயர்ந்த கிரீமாக இருந்தாலும் தட்டில் எண்ணெய் மிதக்கும்.

நான் பாரிசில் வசிப்பவள். இங்கே கறிக்கடையில் இரண்டு வகை நெஞ்சுக்கறி கிடைக்கும். ‘மக்ரே’ என்பது, ஃபுவா கிரா என்ற கொழுத்த ஈரலுக்காக வளர்த்த வாத்தின் நெஞ்சு. மற்ற வாத்துகளின் கறியை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஒரு துண்டு 350 முதல் 400 கிராம் வரும். இரண்டு பேருக்குப் போதும். ‘கனெத்’ என்பது இளம் பெண் வாத்து. அதன் நெஞ்சு 200 கிராம் அளவில் இருக்கும், ஆளுக்கு ஒன்று வைக்கலாம். மக்ரேவுக்கான வாத்துக்குத் தொண்டையில் குழாய் விட்டுத் தீவனத்தைத் திணிக்கிறார்கள். அந்த ஈரலின் இறக்குமதியை இந்தியா 2014இல் தடை செய்தது. மனம் ஒப்பாதவர்கள் கனெத் வாங்கலாம். நானும் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறேன். கொழுப்பு குறைவு என்பதும் ஒரு காரணம். நம் ஊரில் வயல்வெளிகளில் மேய்க்கும் வாத்துக்கு இந்தச் சமையல் ஒத்துவராது. நடந்தும் நீந்தியும் இறுகிய உடம்பு, நெஞ்சில் சதையும் கொழுப்பும் கொஞ்சம்தான். அதற்கு மிளகுக் குழம்பே சரி.

நெஞ்சை மாட்டு ஸ்டேக் மாதிரி வாட்டி, நடுவில் ரோஜா நிறம் மாறாமல் பரிமாறுவது அப்படியொன்றும் பழைய பழக்கமில்லை. பிரான்சின் தென்மேற்கில் காஸ்கொனி வட்டாரத்தார் வாத்தை அதன் கொழுப்பிலேயே நீண்ட நேரம் வேகவைத்து, ஜாடியில் அடைத்துவைத்துச் சாப்பிட்டவர்கள். ஓஷ் நகரத்துச் சமையல் கலைஞர் அந்த்ரே தாகேன் 1950களின் கடைசியில் நெஞ்சை மட்டும் தனியே எடுத்து வாட்டிப் பரிமாறத் தொடங்கினார். பிறகுதான் அது நாடெங்கும் பரவியது. வாத்தின் நெஞ்சு கோழியுடையதைப் போல வெளுப்பாக இருக்காது. பறக்கும் இனம் என்பதால் சிவந்த தசை. அதனால்தான் ஸ்டேக் முறை அதற்குப் பொருந்துகிறது.

முதல் நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். மறுநாள் வெளியே எடுத்த கையோடு கீறிவிட வேண்டும். குளிரில் கொழுப்பு கெட்டியாக இருக்கும்போது கத்தி வழுக்காது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினால் போதும். கத்தி கொழுப்போடு நின்றுவிட வேண்டும், சிவப்புத் தசையைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் சாறு கசிந்து தோலை நனைக்கும்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி இருக்கிறார். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் இலங்கைத் தமிழர்கள் ஏராளம். அவரும் ஒரு பிராசரியில் அடுப்படியில் நிற்பவர். அவர் சொன்னதற்கு மேல் இந்தக் கட்டத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. “அக்கா, எண்ணெய் விடாதேங்கோ, சட்டியையும் சூடாக்காதேங்கோ. தோல் பக்கத்தைக் கீழ வைச்சுப்போட்டு அடுப்பைப் போடுங்கோ. பிறகு அதைத் தொடாதேங்கோ.”

குளிர்ந்த சட்டியில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றினால், தோல் கருகுவதற்கு முன்பே கொழுப்பு உருகி வெளியே வந்துவிடும். சூடான சட்டியில் போட்டால் மேல்தோல் கருகும், உள்ளே கொழுப்பு அப்படியே ரப்பராக நிற்கும். நடுத்தரத்துக்கும் குறைவான தீயில், மக்ரேவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கனெத்துக்கு ஏழெட்டு. காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: சன்னமாக, ஒரே சீராகச் சத்தம் கேட்க வேண்டும். படபடவென்று தெறித்தால் தீ அதிகம். இடையிடையே கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் தோல் அதிலேயே ஊறிப்போகும். தோல் பொன்னிறமாகி அப்பளம் போல விறைத்ததும் திருப்பிப் போட்டு, மறுபக்கம் மூன்று நிமிடம் போதும்.

நான் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்வதில்லை. தடிமனான இடத்தில் குத்திப் பார்த்து 54 டிகிரி செல்சியசில் எடுத்துவிடுவேன். எடுத்து வைத்த பிறகும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். அமெரிக்க வேளாண் துறை பறவை இறைச்சி எல்லாவற்றுக்கும் 74 டிகிரி என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வாத்து விஷயத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சமைப்பதாக இருந்தால் 74 என்பதையே பிடித்துக்கொள்ளுங்கள். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தமல்ல, தசையின் மயோகுளோபின் கலந்த தண்ணீர். ஆனால் முகம் சுளிக்கும் பெரியப்பாவிடம் இதை விளக்கிச் சாப்பிட வைக்க முடியாது. அவர் மாதிரி விருந்தாளிகள் வருகிற நாளில் நெஞ்சை விட்டுவிட்டுக் கால் கறி வாங்குகிறேன். கால் எவ்வளவு வெந்தாலும் சுவைக்கும். நெஞ்சு முழுக்க வெந்தால் ஈரல் மாதிரி வறண்டுவிடும்.

காளானை வாத்துக்கு முன்பே முடித்து வைத்துவிடுவது நல்லது. 250 கிராம் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் நிலத்தடிக் கல்சுரங்கங்களில் வளர்த்துப் புகழ்பெற்ற சாதாரண மொட்டுக் காளானே எனக்குப் போதுமானது. பழுப்பு வகை கிடைத்தால் இன்னும் மணம். கழுவினால் தண்ணீரைக் குடித்துவிடும் என்ற பயம் மிகை. அதில் ஏற்கெனவே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அகலமான சட்டியில், எண்ணெயும் உப்பும் போடாமல், தடித்த துண்டுகளாகப் போடுங்கள். தண்ணீர் விடும், கொதிக்கும், வற்றும், பிறகு சட்டியில் கீச்சென்று ஒட்டத் தொடங்கும். அதற்குப் பிறகே, முன்பொரு தடவை வடித்துவைத்த வாத்துக் கொழுப்போ வெண்ணெயோ ஒரு கரண்டியும், உப்பும் தைமும் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். காளான் அதிகம் வெந்து கெட்டுப்போவதில்லை, அவசரப்பட்டால்தான் கெடும். உலர்ந்த மோரெல் காளான் கிடைத்தால் ஊறவைத்து நன்றாக வேகவிடுங்கள், பச்சையாகச் சாப்பிட்டால் நஞ்சு.

வாத்தை எடுத்துப் பலகையில் வைத்ததும் எட்டு நிமிடம் நமக்குக் கிடைக்கிறது. சாஸுக்கு அது தாராளம். சட்டியில் மிச்சமிருக்கும் கொழுப்பை முழுக்க வடித்துவிட்டு, அடியில் ஒட்டிய பழுப்பை மட்டும் விட்டுவையுங்கள். அது கறுத்திருந்தால் சட்டியை மாற்றிவிடுங்கள், கசப்பை எந்தக் கிரீமும் மறைக்காது. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு, அது வதங்கியதும் 100 மில்லி வெள்ளை ஒயின். மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே பாதிக்கும் கீழே வற்றவிட வேண்டும். மூக்கை அருகே கொண்டுபோனால் நெடி ஏறக் கூடாது. ஒயின் வேண்டாதவர்கள் கோழிச் சாற்றை வற்றவைத்து, கடைசியில் எலுமிச்சை பிழியலாம். புளிப்பு மட்டும் கட்டாயம். கொழுத்த பறவைக்கு மேல் கொழுத்த சாஸ். நடுவில் அறுத்துவிட ஒன்று வேண்டும்.

இப்போது 150 மில்லி கிரீம். பிரான்சில் ‘கிரெம்’ என்ற பெயரில் விற்க 30 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும். அது ஒயினோடு கொதித்தாலும் திரியாது. நம் ஊரில் டப்பாவில் வரும் 25 சதவீத ஃபிரெஷ் கிரீமாக இருந்தால், தீயை நன்றாகக் குறைத்துவிட்டுக் கலக்குங்கள். இரண்டு நிமிடத்தில் கரண்டியின் முதுகில் படியும் பதம் வரும். காளான், ஒரு தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது, பலகையில் வாத்து கசியவிட்ட சாறு எல்லாம் உள்ளே போகட்டும். உப்பைக் கடைசியில் பாருங்கள், சாறே உப்பாகத்தான் இருக்கும்.

வெட்டும்போது தோல் கீழே, தசை மேலே. தட்டில் சாஸை முதலில் பரப்பி, அதன் மேல் துண்டுகளைத் தோல் மேலாக வையுங்கள். உணவகங்களில்கூடச் சிலர் கறியின் தலையில் சாஸை ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு நிமிடம் பொறுமையாக மொறுமொறுப்பாக்கிய தோலை ஏன் நனைக்க வேண்டும்? பக்கத்தில் வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு வேண்டாம், கசப்புக் கீரை சாலட் போதும்.

வடித்த கொழுப்பை வடிகட்டி ஜாடியில் போட்டால் ஃபிரிட்ஜில் பல வாரம் இருக்கும். பிரான்சின் சார்லா ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கை அதில் வறுத்துப் பூண்டும் பார்ஸ்லியும் தூவுகிறார்கள். நான் பூண்டோடு கொஞ்சம் மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் போடுகிறேன். மீந்த வாத்தை மட்டும் மறுபடி சூடாக்காதீர்கள், வெந்து இறுகிவிடும். குளிர்ந்ததாகவே மெல்லிசாகச் சீவி மறுநாள் சாலட்டில் போடலாம். சாஸ் மீந்தால் சிறு தீயில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இளக்கி, பாஸ்தாவில் கலந்துவிடலாம்.